ஒன்றாம் தேதிப் பூக்கள்

1

இன்று காலை கடற்கரைச் சாலையில் கொடியேற்றினார்கள். போலீஸ் பேண்டு வாசித்தது. வெள்ளைச் சீருடையில் பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த நாள் என்பதால் புதுச்சேரிக்கு நவம்பர் ஒன்று விடுதலை நாள். மறுநாள், இரண்டாம் தேதி, கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். ஒன்றாம் தேதி கொடி, இரண்டாம் தேதி மெழுகுவத்தி. நானும் என் மனைவி பிலோமினும் இந்த வரிசையில்தான் வளர்ந்தோம். வேறு வரிசை இருக்கக்கூடும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. அதனால் சென்ற ஆண்டு ஒரு தவறு நேர்ந்தது. இந்தக் குறிப்புகள் அதைப் பற்றியவை.

கொடியேற்றத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன். பிலோமின் இந்த முறை ஊருக்கு வரவில்லை. அவள் இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, ரெயூனியோன் என்ற தீவில் இருக்கிறாள். பாரிஸ் விமான நிலையத்தில் அவள் ஒரு வாசலுக்கும் நான் ஒரு வாசலுக்கும் போனோம். வழியனுப்ப வந்த எங்கள் மகன் சவியே, “ஆளுக்கொரு கல்லறையா? தேர்தலில் தொகுதி பிரித்துக்கொண்ட கட்சிகள் மாதிரி இருக்கிறது” என்றான். பிரெஞ்சில் சொன்னான். தமிழில் அவனுக்கு மிஞ்சியிருப்பவை சாப்பாட்டுப் பெயர்களும் இரண்டு வசவுச் சொற்களும் மட்டும். அவனுடைய பிள்ளைகளுக்கு அந்த வசவும் தெரியாது.

பிலோமின் சிரித்தாள். பிறகு என்னிடம், “அம்மா கல்லறைல சிலுவ சாஞ்சிருக்குதுன்னு சொன்னாங்க, அத மொதல்ல பாருங்க” என்று சொல்லிவிட்டுத் தன் வரிசையில் போய் நின்றாள்.

2

புதுச்சேரியில் ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். மற்றவர்கள் எழுதிய செய்தியை வெட்டிச் சுருக்குவது வேலை. பிலோமின் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பத்துப் பெண். அவளைக் கல்யாணம் செய்துகொண்டதால் பிரான்சுக்குப் போனேன். பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில், கடிதங்களைப் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சுருக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அவள் வீட்டுக் கதையையும் சுருக்கியே சொல்கிறேன்.

பிலோமினுக்கு ஒரே தம்பி, அந்துவான். எங்கள் ஊர் பிரெஞ்சுக் குடும்பங்களின் பையன்கள் பலரைப்போல அவனும் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தான். கடைசியாக அவனை ரெயூனியோனுக்கு அனுப்பினார்கள். அந்தத் தீவு இன்றும் பிரான்சின் ஒரு பிராந்தியம். ராணுவத்தை விட்ட பிறகு அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல்காரனாகத் தங்கிவிட்டான். ஒரு பெண்ணோடு குடித்தனம் தொடங்கினான். அவள் அந்தத் தீவின் தமிழ் வம்சாவளி. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்களின் வழி வந்தவள். இந்து. மாதா கோயிலில் வைத்துக் கல்யாணம் நடக்கவில்லை. ஒரு மகள் பிறந்தாள்.

புதுச்சேரியில் இருந்த அவர்களுடைய அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. “நான் செத்தாலும் அவன் என் மூஞ்சில முழிக்கக் கூடாது” என்று சொன்னார். சொன்னது ஒரு முறையல்ல. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பிலோமின் அம்மாவின் பக்கம் நின்றாள். தம்பியின் மகளை அவள் ஒரு புகைப்படத்தில் கூடப் பார்த்ததில்லை.

அம்மா கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தார். கடைசி வாரம் முழுக்க பிலோமின் பக்கத்தில் இருந்தாள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வந்து சேரும்வரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பது எங்கள் ஊர் வழக்கம். அம்மா சொன்ன சொல் இருந்ததால் அந்துவானுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் பிலோமின் அவனுக்கு போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

“அந்து, அம்மா போயிட்டாங்கடா.”

அவன் ஏதோ கேட்டான்.

“ஆயிடுச்சிடா. நேத்தே அடக்கம் பண்ணிட்டோம்.”

“சரிக்கா” என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் எத்தனையோ முறை அழைத்தும் அவன் எடுக்கவில்லை. சில வருடம் கழித்து அவனும் சிகரெட் பழக்கத்தால் நுரையீரல் கெட்டு இறந்தான். அவனோடு ராணுவத்தில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தற்செயலாக எங்களைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு அது தெரிந்தது. அதற்குள் அவனைப் புதைத்து மாதக்கணக்கு ஆகியிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் பிலோமின் அதுவரை சொல்லாத ஒன்றை எனக்குச் சொன்னாள். கோரிமேட்டில் அந்தக் கடைசி வாரத்தில் அம்மா திரும்பத் திரும்ப ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருக்கிறார். “அந்து வந்துட்டானா?” கதவு திறக்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறார். நர்ஸ் வந்தாலும் கேட்டிருக்கிறார்.

“அப்பவே அவனுக்கு போன் பண்ணியிருக்கலாமே?” என்றேன்.

“ஜொரத்துல பெனாத்தறாங்கன்னு நெனச்சேன். அப்பறம் சொல்லலாம், நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். அவன் எடுக்கவே இல்ல.” பிறகு, “அவன் அது தெரியாமலே போயிட்டான். அவன் பொண்ணுக்காவது தெரியணும்ங்க. ஒங்கப்பன அவங்கம்மா வேணான்னு சொல்லிட்டு சாவலன்னு அவகிட்ட நான் சொல்லணும்” என்றாள்.

3

பெண்ணின் பெயர் தெரியாது. அவளுடைய அம்மா எப்போதோ அந்துவானைப் பிரிந்து போய்விட்டதையும் கல்லறை இருக்கும் ஊரையும் மட்டும் ஊர்க்காரர் சொன்னார். அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அங்கே ஒருத்தி இருக்கிறாள். அவளை யாரும் தேடிப் போக வேண்டாம்.

அங்குள்ள நகராட்சிக்கு எழுதினேன். கல்லறை இருக்கும் இடம், வரிசை எல்லாம் ஒழுங்காகப் பதில் வந்தது. கல்லறையின் பொறுப்பு யார் பேரில் இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும், தனிநபர் விவரம், தருவதற்கில்லை என்று ஒரு வரி. நாங்கள் விரும்பினால் ஒரு கடிதம் அனுப்பலாம், உரியவரிடம் சேர்ப்பிக்கிறோம் என்று இன்னொரு வரி. மரியாதையான பதில். தொலைபேசியில் பேசிய நகராட்சிப் பெண் இறந்தவர் எனக்கு என்ன முறை என்று கேட்டார். மைத்துனர் என்றேன். “அப்படியானால் உங்களுக்கு உரிமை இல்லை, மிஸ்யே” என்றார். பிலோமினுக்கு உண்டு, ஆனால் உறவை நிரூபிக்கும் சான்று வேண்டும், அது புதுச்சேரியிலிருந்து வர வேண்டும், அதை மொழிபெயர்ப்பாளர் முத்திரையோடு தர வேண்டும்.

“கடுதாசி போடலாமே பிலோ” என்றேன்.

“கடுதாசில எழுதற சமாச்சாரமா இது? பாத்துச் சொல்லணும்.” பிறகு அவளே வழியையும் சொன்னாள். “கல்லறைத் திருநாளுக்கு வருவா இல்ல? அவ வராம வேற யாரு வருவாங்க?”

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்த யோசனையின் நியாயம் புரியும். கல்யாணப் பத்திரிகை வைக்காதவர்கள், சொத்துத் தகராறில் கோர்ட்டுக்குப் போனவர்கள், ஒரே தெருவில் இருந்துகொண்டு பேசாதவர்கள், எல்லாரும் நவம்பர் இரண்டாம் தேதி உப்பளம் கல்லறையில் ஒரே கல்லைச் சுற்றி நிற்பார்கள். பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வரும்வரை யாரும் நகர முடியாது. ஒருவர் கொண்டுவந்த வத்திப்பெட்டியில் இன்னொருவர் மெழுகுவத்தி கொளுத்துவார். பேச்சு அப்படித்தான் மறுபடி தொடங்கும். என் அப்பாவும் சித்தப்பாவும் சமாதானம் ஆனது அங்கேதான்.

நாங்கள் கவனிக்க மறந்தது ஒன்று. பிரான்சில் இத்தனை வருடம் இருந்தும் அந்த மண்ணில் எங்களுக்கு ஒரு கல்லறை கூட இல்லை. எங்கள் செத்தவர்கள் அத்தனை பேரும் உப்பளத்தில் இருந்தார்கள். அக்டோபர் கடைசியில் கடைவாசல்களில் சாமந்தித் தொட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்ப்போம். ஒன்றாம் தேதி சகல புனிதர் திருநாள் விடுமுறை என்பது தெரியும். அன்று பிலோமின் பூசைக்குப் போவாள், நான் வீட்டைச் சுத்தம் செய்வேன். இரண்டாம் தேதி ஊருக்கு போன் செய்து, வெள்ளையடித்தாகிவிட்டதா, மாலை போட்டாகிவிட்டதா என்று கேட்போம். அக்கம்பக்கத்துப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கல்லறைகளுக்கு எந்த நாளில் போகிறார்கள் என்று நாங்கள் பார்த்ததே இல்லை. ஒரு நாட்டில் செத்தவர் இல்லாதவர்களுக்கு அந்த நாட்டின் அந்த ஒரு நாள் தெரிவதில்லை.

4

சென்ற அக்டோபர் கடைசியில் தீவில் இறங்கினோம். பயணத்தை ஏற்பாடு செய்தவன் சவியே. நாங்கள் ஓய்வு பெற்றதற்கான பரிசு என்றான். உண்மைக் காரணத்தை அவனிடம் சொன்னபோது, “எதற்காக வேண்டுமானாலும் போங்கள், ஆனால் சாப்பிடுங்கள். அங்கே போகிறவர்கள் சாப்பிடத்தான் போகிறார்கள்” என்றான்.

அவன் சொன்னது சரி. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் முதல் வாடகைக் கார்க்காரர் வரை எல்லாரும் பேசியது சாப்பாட்டையும் மலையையும் பற்றித்தான். தீவு சிறியது. கரையோரம் ஒரு சாலை சுற்றி வருகிறது. சாலைக்கு மேலே கரும்பு, கரும்புக்கு மேலே காடு, காட்டுக்கு மேலே மேகத்துக்குள் போய்விடும் மலை. ஒரு பக்கத்தில் உயிருள்ள எரிமலை. செம்மயிற்கொன்றை பூக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊர்க் கடலைவிட அங்கே கடலின் நிறம் அடர்த்தி. சாலையோரத்துக் கடையில் சின்னச் சின்னதாக ஒரு பலகாரம் பொரித்தார்கள். பிலோமின் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, “வடைங்க. இன்னாவோ பேரு சொல்லி விக்கிறான், நம்ம வடைங்க இது” என்றாள்.

ஒன்றாம் தேதி எங்களுக்கு வேலை ஏதும் இல்லை. மறுநாள்தானே கல்லறை. மலைக்கு மேலே ஒரு வீட்டில் விறகடுப்பில் சமைத்துப் போடுவார்கள் என்று விடுதிக்காரர் சொன்னார். போனோம். வளைவுகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். எதிரே மலையிலிருந்து இறங்கிய கார்களில் பலவற்றின் பின்கண்ணாடியில் மஞ்சள் சாமந்தி தெரிந்தது.

“நாளைக்கு வேணும்னு இன்னைக்கே வாங்கிக்கினு போறாங்க பாருங்க,” என்றாள் பிலோமின். “நாமளும் எறங்கறப்ப வாங்கிடணும்.”

மலைமேல் இருந்த வீட்டுக்காரம்மாவின் பெயர் லூசெத். எழுபது வயதிருக்கும். நிறமும் முகமும் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் திறப்பவர் போல. பேசியது மட்டும் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த அந்தத் தீவின் மொழி. நீண்ட மேசைகள் போட்டிருந்தார். ஆள் நாங்கள் இரண்டு பேர்தான்.

“இன்னைக்கு உங்களத் தவிர யாரும் இல்ல,” என்று இலை போன்ற பெரிய தட்டுகளை வைத்தார். அவர் பேச்சைத் தமிழில் எழுதுகிறேன். “எல்லாரும் கீழ போயிருக்காங்க. நான் விடியக்காலமே போய்ட்டு வந்துட்டேன். அதனாலதான் அடுப்பு மூட்ட முடிஞ்சுது.”

பூசைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

சோறு வந்தது. அந்த மலையில் விளையும் சின்னப் பயறை வேகவைத்து ஊற்றினார். புகையில் கட்டி வைத்த பன்றிக்கறி, பச்சைமிளகாய் போட்டு நசுக்கிய தக்காளி, பிறகு ஒரு கீரை. பிலோமின் கீரையை விரலால் எடுத்துப் பார்த்தாள்.

“இது என்ன கீரை, மதாம்?”

“சௌசௌக் கொழுந்து.”

“சௌசௌல கீரையா? நாங்க காய மட்டும் தின்னுட்டு கொடியத் தூக்கி எறியறோம்” என்றாள். லூசெத் சிரித்தார். எந்த ஊர் என்று கேட்டார். பொந்திஷேரி என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய முன்னோரில் யாரோ அங்கேதான் கப்பலேறினார்களாம். யார், எந்த ஊர், எதுவும் தெரியாது. “நீங்க அங்கேயிருந்து வந்திருக்கீங்க, நான் அங்கே போனதில்ல. நீங்க சொல்லுங்க, நான் எந்த ஊர்க்காரி மாதிரி இருக்கேன்?” என்று முகத்தைக் காட்டினார்.

பிலோமின் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். “பாகூர்ப் பக்கம்” என்றாள். லூசெத் அந்தப் பெயரைப் பல முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

தம்பியும் இந்த ஊரில்தான் சமைத்துக்கொண்டிருந்தான் என்று பிலோமின் சொன்னாள். முதலில் வந்த புதிதில் அவன் போனில், மீனில் புளி போட மாட்டேன் என்கிறார்கள், தக்காளியைப் போட்டு ஏதோ இலையைக் கிள்ளிப் போடுகிறார்கள், எப்படித்தான் திங்கிறதோ என்று புலம்பினானாம். பத்து வருடம் கழித்து, புளி போட்டால் எனக்கே பிடிக்கவில்லை அக்கா என்றானாம். லூசெத், அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார். இறந்துவிட்டான், நாளைக்கு அவன் கல்லறைக்குப் போகிறோம் என்றாள்.

“நாளைக்கா?” என்றார் லூசெத்.

“ஆமாம், நாளைக்கு.”

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, காப்பி போடுகிறேன் என்று எழுந்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்திருக்கலாம். சாப்பிட்டு முடித்து வெளியே வந்து நின்றோம். பள்ளத்தாக்கு முழுக்க வெயில் இறங்கியிருந்தது. மேகத்தின் நிழல் எதிர்மலையில் ஊர்ந்து போனது. பிலோமின் வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாள். “அவன் நல்ல எடத்துலதான் இருந்திருக்கான்” என்றாள்.

இறங்கும் வழியில் சாலையோரம் ஒரு பெண் சாமந்தித் தொட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். காரை நிறுத்தினோம். பிலோமின் நான்கு தொட்டி கேட்டாள். “நாளைக்குக் கல்லறைக்கு” என்றாள் பிரெஞ்சில். அந்தப் பெண், “நாளைக்கா?” என்றாள். தன் பிரெஞ்சு புரியவில்லை போலிருக்கிறது என்று பிலோமின் மெதுவாக, எழுத்தெழுத்தாக, மறுபடியும் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் பாதி விலைக்குக் கொடுத்தாள்.

5

கல்லறை கடலோரமாக இருந்தது. இரண்டாம் தேதி காலையில் இரும்புக் கதவு திறந்துகிடந்தது. உள்ளே ஒரு மனிதர் தள்ளுவண்டியில் கசங்கிய பிளாஸ்டிக் தாள்களையும் காலி மெழுகுவத்திக் கிண்ணங்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. ஒவ்வொரு கல்லறையும் பூவால் மூடியிருந்தது. மஞ்சள், வெள்ளை, ஊதா. கடல்வரை அப்படித்தான்.

பிலோமின் கதவருகிலேயே நின்றுவிட்டாள். “எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்களாட்டம் இருக்குதே” என்றாள்.

அந்தத் தள்ளுவண்டிக்காரர்தான் கல்லறைக் காவலர்; அவரிடம் நான்தான் கேட்டேன். அவர் தள்ளுவண்டியைக் கீழே வைத்தார். “நேத்து இங்க கால் வைக்க இடமில்ல, மிஸ்யே. சகல புனிதர் திருநாள் இல்லையா? எல்லாரும் நேத்துதான் வருவாங்க. இன்னைக்கு யார் வருவா?”

அந்துவானின் கல்லைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. கருங்கல். நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தது. கல் முழுக்க, ஓரத்தில் கையகல இடம் கூட விடாமல், சாமந்தித் தொட்டிகள். தலைமாட்டில் எரிந்து முடிந்த மெழுகுவத்திகள். ஒரு சின்னக் கண்ணாடித் தம்ளரில் ரம். அதன் பக்கத்தில் பற்றவைக்காத ஒரு சிகரெட்.

பிலோமின் அந்தச் சிகரெட்டைப் பார்த்தாள். “இதப் போயி எதுக்கு வைக்கிறா? இதாலதான செத்தான்” என்றாள். குரல் அதட்டல் போலத்தான் இருந்தது. பிறகு கையிலிருந்த தொட்டியை வைக்க இடம் தேடினாள். கல்லில் இடம் இல்லை. தரையில், கால்மாட்டில் வைத்தாள்.

காவலருக்கு அந்தப் பெண்ணைத் தெரியும், பார்த்த அளவில். தனியாக வருவாள், சொந்தமாகப் பிரஷ் கொண்டுவந்து கல்லைத் தேய்ப்பாள், யாரோடும் பேச மாட்டாள். நேற்று வெகுநேரம் இருந்தாளாம். அதாவது நாங்கள் மலைமேல் சௌசௌக் கீரை தின்றுகொண்டிருந்த நேரம் முழுக்க.

எங்கள் விமானம் மறுநாள். கதவு சாத்தும் வரை உட்கார்ந்திருந்தோம். மறந்துவிட்ட எதையாவது எடுக்க அவள் வரக்கூடும் என்று பிலோமினுக்கு ஒரு எண்ணம். ஒரு முறை ஒரு பெண் உள்ளே வந்தாள். பிலோமின் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். அந்தப் பெண் வேறொரு கல்லறைக்குப் போனாள்.

கிளம்பும்போது எங்கள் தொலைபேசி எண்ணைக் காவலரிடம் கொடுத்தோம். “அடுத்த தடவை வரும்போது குடுத்துடறேன், மதாம்” என்றார். “யார்னு சொல்லட்டும்?”

அத்தை என்று சொல்ல பிலோமினுக்கு பிரெஞ்சில் சொல் தெரியாமல் இல்லை. “அவங்க அப்பாவோட அக்கா” என்று சுற்றிவளைத்துச் சொன்னாள்.

6

அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்த போனோடுதான் குடித்தனம். பூசைக்குப் போனாலும் கையில் வைத்துக்கொள்வாள், சத்தத்தை அணைக்க மாட்டாள். நற்கருணை நேரத்தில் ஒரு முறை அடித்துவிட்டது. வெளியே ஓடினாள். வீட்டுக் கூரைக்கு வெப்பக் காப்பு போட ஆள் வேண்டுமா என்று விற்பனைக்காரன்.

அப்படிப்பட்ட அழைப்புகள் பிரான்சில் ஏராளம். மற்றவர்கள் திட்டிவிட்டு வைப்பார்கள். பிலோமின் ஒவ்வொன்றையும் எடுப்பாள். ஒவ்வொருவரும் யார், என்ன என்று தெளிவாகும்வரை பொறுமையாகக் கேட்பாள். பெண் குரலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் கேட்பாள். “வேணாம்மா, எங்களுக்குக் கூரையே இல்ல, அடுக்குமாடி” என்று ஒருத்தியிடம் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு பிரெஞ்சுக்கு மாறினாள்.

சவியே ஞாயிற்றுக்கிழமை வந்தபோது இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்கலாமே, இந்தக் காலத்தில் இது ஒரு விஷயமா என்றான். பத்து நிமிடத்தில் நான் எடுத்துத் தருகிறேன் என்று போனை எடுத்தான். பிலோமின் அவன் கையைப் பிடித்து வைத்துவிட்டாள்.

“வேணாம்டா. அவ கைல நம்பர் இருக்குது. அவளுக்குத் தோணணும்.”

அவனுக்கு அந்தத் தமிழ் புரியவில்லை. நான் மொழிபெயர்த்தேன். அவனுக்கு அப்போதும் புரியவில்லை.

இந்த வருடம் அவள் தனியாகப் போகிறேன் என்றாள். சரியான தேதிக்குப் போகிறேன் என்றாள். அவளுடைய அம்மா அப்பாவின் கல்லறையை யாராவது பார்க்க வேண்டும், அதனால் நான் இங்கே வந்தேன்.

7

கொடியேற்றம் முடிந்து உப்பளத்துக்குப் போனேன். நாளைய நாளுக்காக எல்லாக் கல்லறைகளிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்திருந்ததால் சுண்ணாம்பு காயவில்லை என்று ஆளாளுக்குச் சலித்துக்கொண்டார்கள். எங்கள் கல்லறைக்கு வழக்கமாக வெள்ளையடிக்கிற ஏழுமலை சாய்ந்த சிலுவையை நிமிர்த்திச் சிமெண்ட் பூசிவிட்டு வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“மதாம் வரலியா சார் இந்த வாட்டி?”

“வேற ஒரு கல்லறைக்குப் போயிருக்காங்க. ரெயூனியோன்ல.”

“அங்கயும் சுண்ணாம்புதானா?”

“இல்ல, கருங்கல். கழுவி வுட்டா போதும்.”

“அப்ப நம்ம பொழப்பு அங்க ஓடாது” என்று பிரஷை நனைத்தார்.

அப்போதுதான் பிலோமின் அழைத்தாள்.

“சாப்டீங்களா?” எந்தச் செய்தியானாலும் அவள் முதலில் கேட்பது இதுதான்.

“நீ எங்க இருக்கே?”

“கல்லறையிலதான். கூட்டம் தாங்கல. கேட்டு தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னுட்டேன்.”

“வந்தாளா?”

அவளைச் சுற்றிப் பலர் பேசும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“நேத்தே வந்துட்டுப் போயிட்டாளாம்” என்றாள்.

காவலர் இவளை அடையாளம் கண்டுகொண்டாராம். எண்ணைச் சொன்னபடியே கொடுத்துவிட்டாராம். அந்தப் பெண் அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாளாம். யார், எப்போது வந்தார்கள் என்று மட்டும் கேட்டாளாம். நேற்று, முப்பத்தொன்றாம் தேதி, கதவு சாத்தும் நேரத்துக்கு வந்து கல்லைத் தேய்த்துப் பூ வைத்தாளாம். நாளைக்கு வரவில்லையா என்று அவர் கேட்டதற்கு, இல்லை என்றாளாம்.

“நான் இன்னைக்கு வருவேன்னு அவளுக்குத் தெரியும்ங்க” என்றாள் பிலோமின்.

ஏழுமலை நான் நிற்கிற விதத்தைப் பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

“ஆனா ஒண்ணு,” என்றாள். “படம் அனுப்பறேன், பாருங்க. போன வருசம் மாதிரி இல்ல. பாதிக் கல்லுலதான் பூ வச்சிருக்கா. இந்தாண்ட பாதியத் தொடச்சி அப்படியே வுட்டு வச்சிருக்கா. எனக்கு எடம் வுட்டிருக்கா, இல்லீங்க?”

படம் வந்தது. வெயிலில் போனைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். அவள் சொன்னது சரி. இடப்பக்கம் தொட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெருக்கமாக நின்றன. வலப்பக்கம் வெறும் கல். படத்தைப் பெரிதாக்கினேன். வெறும் கல்லில் ஈரம் காய்ந்த வட்டங்கள் தெரிந்தன. தொட்டிகள் முதலில் அங்கேயும் இருந்திருக்கின்றன. பிறகு யாரோ அவற்றை நகர்த்தி இடப்பக்கம் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணே வைத்துவிட்டு, யோசித்து, நகர்த்தியிருக்கலாம். சென்ற வருடம் பிலோமின் பூவைத் தரையில் வைத்ததைப் பார்த்த காவலர், காலையில் அவள் வருமுன் நகர்த்தி வைத்திருக்கலாம். இரண்டில் எது என்று படத்தில் இல்லை. படத்தில் இல்லாததைப் படத்துக்குக் கீழே எழுதக் கூடாது என்று பத்திரிகையில் எனக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். காவலர் அங்கேதான் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டுப்பார் என்று நான் சொல்லியிருந்தால் தெரிந்துபோயிருக்கும்.

“ஆமா பிலோ,” என்றேன். “ஒனக்குத்தான்.”

“அப்ப வச்சிடறேன்” என்றாள்.

போனை அணைக்காமல் பையில் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. தொட்டியைக் கல்மேல் வைக்கும் சத்தம் கேட்டது. இன்னொன்று. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு மண்டியிடுகிற சத்தம். சுற்றிலும் பிரெஞ்சும் கிரியோலும் கேட்டுக்கொண்டிருந்தன. அதற்கு நடுவில் அவள் தமிழில் பேசத் தொடங்கினாள்.

“அந்து, கேளுடா. அம்மா…”

அதற்கு மேல் நான் கேட்கக்கூடாது என்று தோன்றியது. போனை அணைத்தேன்.